ஒரு சாண் இடைவெளி

அவளுடைய இடது காதைக் கெடுத்தவன் நான். அறைந்த கை வேறொருவனுடையது. அறையச் சொன்னது நான். அந்த அறைக்கான பழி அவளுடைய தகப்பன் மேல் விழுந்தபோது, அது அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டவனும் நான்தான். அவர் அந்தப் பழியோடு ஆறு வருடம் வாழ்ந்தார். அதோடுதான் செத்தார். அதன் பிறகும் நான் வாய் திறக்கவில்லை.

எனக்கு எழுபத்தாறு வயது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தேன். மெல்பேர்னுக்கு வந்து நூலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வார இறுதிகளில் தமிழ் நாடகம் எழுதி இயக்கினேன். ஊர்ப் பழக்கத்தில் எல்லோரும் என்னை மாஸ்டர் என்பார்கள். அவளும் அப்படித்தான் அழைத்தாள், எல்லாம் தெரிந்த பிறகும்.

ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் குற்றத் தொடர் பார்க்கிறவர்களுக்கு அவள் முகம் தெரிந்திருக்கும். பெயரை நான் எழுத மாட்டேன். இதை எழுதலாமா என்று கேட்டபோது, "என்ர பேர் வேண்டாம். அடிச்சவன்ர பேரும் வேண்டாம். மற்றதெல்லாம் எழுதுங்கோ," என்றாள்.

"காது விசயம்?"

"எழுதுங்கோ. முந்தியெண்டால் வேண்டாமெண்டிருப்பன். காது கேக்காதவள் எண்டு தெரிஞ்சால் அந்த வேசம் மட்டும்தான் தருவாங்கள். இப்ப எனக்கு வேலை இருக்கு."

எந்த மேசைக்குப் போனாலும் இடது ஓரக் கதிரையில்தான் இருப்பாள். அங்கிருந்தால் எல்லோரும் அவளுடைய வலப்பக்கம். படம் எடுக்க வரிசையாக நிற்கும்போதும் சிரித்துக்கொண்டே இடது ஓரத்துக்கு நழுவிவிடுவாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியும், நன்றாகவே ஓட்டுவாள். ஆனால் பக்கத்தில் ஆள் இருந்தால் ஓட்ட மாட்டாள். இந்த நாட்டில் ஓட்டுபவரின் ஆசனம் வலப்பக்கம். பக்கத்தில் இருப்பவர் பேசுவது அவளுடைய செத்த காதில் விழும். "நீங்களே ஓட்டுங்கோ, எனக்குக் கதைக்க வேணும்," என்று சாவியை மற்றவர் கையில் திணித்துவிட்டு இடப்பக்கம் ஏறிக்கொள்வாள். அவளைச் சோம்பேறி என்று நினைத்தவர்கள் உண்டு.

திரையில் ஒருவர் பேசத் தொடங்கினால் அவள் முகத்தை மெல்ல இடப்பக்கம் திருப்பி, வலது காதைக் கொடுத்து, கண்ணை மட்டும் பேசுபவர் மேல் வைத்திருப்பாள். விமர்சகர்கள் அதைப் பெரிதாக எழுதினார்கள். முழு முகத்தாலும் கேட்கத் தெரிந்த நடிகை என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பத்திரிகையை நான் என் மேசையில் விரித்து வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் வேடம் பிணம். பத்தொன்பது வயதில், சவக்கிடங்கில், கால் பெருவிரலில் அட்டை கட்டிய உடலாகக் கிடந்தாள். அதற்குப் பிறகும் சாவுதான். கணவன் கழுத்தை நெரித்தான். கடைக்குள் வந்தவன் சுட்டான். காரின் பின்பெட்டியில் மடக்கிக் கிடத்தினார்கள். ஆற்றில் மிதந்தாள். ஒருமுறை இந்தியப் பெண்ணாக, ஒருமுறை மலேசியப் பெண்ணாக, ஒருமுறை ஃபிஜியிலிருந்து வந்தவளாக, ஒருமுறை எந்த நாடென்றே சொல்லப்படாதவளாகச் செத்தாள். பிறந்தநாள் விழாக்களில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொள்வார்கள்.

"இந்தக் கிழமை எப்பிடிப் பிள்ளை சாகிறாய்?"

"கத்திக்குத்து அன்ரி. ஆனா எட்டு நிமிசம் உயிரோட இருப்பன்."

"அப்ப அடுப்பைக் குறைச்சு வைச்சிட்டு வந்து பாக்கலாம்."

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது அவள்தான். வலது காதைக் கொடுத்துக்கொண்டு.

ஆனால் அவளை உண்மையில் யாரும் தொடக் கூடாது. அடிக்கும் காட்சி என்றால் படப்பிடிப்புக்கு முன் எதிரே நடிப்பவனிடம் போவாள். தன் கன்ன எலும்பில் பெருவிரலை வைத்து, சின்னவிரலை வெளியே நீட்டுவாள். "இதுதான் ஒரு சாண். உன் கை இதற்கு வெளியேதான் போக வேண்டும். உள்ளே வந்தால் நீ நடிகன் இல்லை," என்று ஆங்கிலத்தில் சொல்வாள். சாண் என்பதை மட்டும் தமிழில் சொல்வாள். அவளோடு வேலை செய்த விளக்குக்காரர்களும் கமராக்காரர்களும் அந்தச் சொல்லைப் பழகிவிட்டார்கள். அடி விழும் காட்சி வந்தால் "சாண், சாண்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்களாம்.

சாணுக்குள் வந்த ஒருவன் இருந்தான். மெல்பேர்னில் எடுத்த தொடர் ஒன்றில் அவளுக்குக் கணவனாக நடித்தவன். பெயர் பெற்றவன், அவளைவிட ஒன்றரை அடி உயரம். கழுத்தை நெரிக்கும் காட்சியில் உண்மையிலேயே நெரித்தான். அவள் காட்சியை நிறுத்தவில்லை. நடித்து முடித்துவிட்டு இயக்குநரிடம் போய்க் கழுத்தைக் காட்டினாள். காட்சி அபாரமாக வந்திருக்கிறது, இன்னொரு முறை எடுப்போம் என்றார் அவர். இரண்டாம் முறையும் அவன் நெரித்தான். வசனத்தை முழுதாகச் சொன்னாள். கண்ணை மேலே செருகினாள். கதையில் உள்ளபடி கால் உதறிச் செத்தாள். 'கட்' என்ற குரல் கேட்டதும் எழுந்தாள். அவனுடைய சட்டைக் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்து, தன் நெற்றியால் அவன் மூக்கை இடித்தாள். மூக்கெலும்பு முறிந்தது. சுவரில் காட்சிக்காக மாட்டியிருந்த கல்யாணப் படத்தில் ரத்தம் தெறித்தது. "மன்னிக்க வேணும், எனக்கு அடிக்கிற மாதிரி நடிக்கத் தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் முகம் கழுவினாள்.

ஒரு வருடம் யாரும் வேலை கொடுக்கவில்லை. துணிக்கடையில் வேலைக்கு நின்றாள்.

இதை அவளே என் வீட்டில், தேநீர் குடித்தபடி, எழுந்து நடித்துக் காட்டிச் சொன்னாள். முடிவில், "அடிக்கிற மாதிரி நடிக்கத் தெரியாதவன்தான் மாஸ்டர் அடிக்கிறவன்," என்றாள். அது அவள் அடிக்கடி சொல்வது. நான் சிரித்தேன்.  அந்தக் காலத்தில் அவள், தன் காதில் விழுந்தது தவறிப் பட்ட அடி என்றே நம்பியிருந்தாள்.

அந்த அடியைச் சொல்ல வேண்டும்.

அவளுக்கு அப்போது பதினாறு வயது. வருடாந்தக் கலைவிழாவுக்கு நான் எழுதிய நாடகத்தில், அண்ணன் தங்கையை அறையும் காட்சி ஒன்று. முந்தைய வருட நாடகத்திலும் ஓர் அறை இருந்தது. அதில் கை ஓரிடத்தில் போக, சத்தம் வேறொரு நேரத்தில் வந்தது. பின்வரிசையிலிருந்து யாரோ, "நுளம்பு அடிக்கிறார் போல," என்று கத்த, கொசு அடிக்கும் கையை நினைத்து மண்டபம் முழுவதும் சிரித்தது. படித்த மனிதன் நான். அந்தச் சிரிப்பை ஒரு வருடம் வயிற்றில் வைத்திருந்தேன்.

அண்ணனாக நடித்தவனுக்கு இருபத்தேழு வயது. இலங்கையிலிருந்து படகில் வந்து, தற்காலிக விசாவில் இருந்தான். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. மெல்பேர்னின் கிளென் வேவர்லிப் பகுதியில் என் வீட்டுக் கராஜில்தான் ஒத்திகை. அந்த ஞாயிறு பின்னேரம் நாங்கள் மூன்று பேர் மட்டும். அவள் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரம் அவனிடம் சொன்னேன்.

"இந்த முறை உண்மையா அடி. அவளுக்குச் சொல்லாதை."

"ஐயோ வேண்டாம் மாஸ்டர். என்ர கை பாரம். நான் நாள் முழுக்க மாட்டுத் தொடை தூக்கிறவன்."

"ஒரு அடி உண்மையா வாங்கினால் முகம் அதை மறக்காது. பிறகு மேடையில தானா வரும். நான் படிச்சிட்டுத்தான் சொல்லுறன்."

"சின்னப் பிள்ளை மாஸ்டர்."

"நீ நடிக்க வந்தனியோ, எனக்குப் படிப்பிக்க வந்தனியோ?"

அவன் அடித்தான். பலகையில் பலகை மோதியது போல ஒரு சத்தம். அவள் பக்கவாட்டில் பறந்து கராஜின் தகரக் கதவில் மோதினாள். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். ஒரு கணம் முழங்காலில் இருந்தாள். பிறகு எழுந்து, எழுதியிருந்தபடி அடுத்த வசனத்தைச் சொன்னாள். பிழையில்லாமல் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் காதில் விரலை வைத்துப் பார்த்தாள். விரலில் ரத்தம்.

"மாஸ்டர், உங்கட குரல் தண்ணிக்குள்ளால வாற மாதிரிக் கேக்குது."

அந்த நேரத்திலும் என் மனதில் ஓடியது, முகம் எவ்வளவு நன்றாக வந்தது என்பதுதான். இதை மறைத்தால் மற்றதைச் சொல்லிப் பயனில்லை. உறைந்த பட்டாணிப் பை ஒன்றைக் கொடுத்துக் கன்னத்தில் வைக்கச் சொன்னேன். தகப்பன் வந்து காரில் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது அவள் அவரிடம், நாடகத்தில் தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லியிருக்கிறாள்.

முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்த தாய், மகளின் தலையணையில் ரத்தத்தைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தகப்பன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் போனபோது தாய் உள்ளே டொக்டரோடு கதைத்துக்கொண்டிருந்தார். வெளியே நடைபாதையில் தகப்பனும் மகளும் நின்றார்கள். அங்கே வைத்துத்தான் சொன்னேன்.

"அவன் அடிச்சதெண்டு சொன்னால் பொலிஸ் வரும். அவன்ர விசா போச்சு. திருப்பி அனுப்பினால் அங்க என்ன நடக்குமெண்டு நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை."

தகப்பனின் தம்பியை ஊரில் ஒருநாள் வெள்ளை வான் வண்டி ஒன்றில் கடத்திக்கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. அவர் மகளைப் பார்த்தார். "விழுந்ததெண்டு சொல்லுவம் பிள்ளை. ஒருத்தன்ர உயிர்," என்றார். அவள் தலையாட்டினாள்.

நான்தான் அடிக்கச் சொன்னேன் என்று டொக்டரிடம் நான் சொல்லியிருக்கலாம். குற்றம் என் மேல் வந்திருக்கும். அந்த இளைஞனும் தப்பியிருப்பான், தகப்பனும் தப்பியிருப்பார். அது எனக்கு அந்த நடைபாதையிலேயே தெரியும். தெரிந்துதான் மற்றவன் உயிரைக் காட்டி என்னை மறைத்துக்கொண்டேன்.

டொக்டருக்கு ஐந்து விரல்களும் தெரிந்தன. விழுந்தால் கன்னத்தில் விரல் பதியாது. பதினாறு வயதுப் பிள்ளை என்றால் இங்கே டொக்டர் அறிவித்தே ஆக வேண்டும். பிள்ளைகள் பாதுகாப்பு அதிகாரிகள் வந்தார்கள். பிள்ளை விழுந்தேன் என்கிறாள், தகப்பன் விழுந்தாள் என்கிறார். பிள்ளை தகப்பனுக்குப் பயந்து பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்ட அவர்களுக்கு வெகுநேரம் எடுக்கவில்லை. அந்த வாரம்தான் தகப்பன் அவளிடம், நாடகம் போதும், படி என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கச் சத்தம் போட்டிருந்தார். தாயும் அதை நினைத்துக்கொண்டார். மூன்று வாரம் அவர் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்றார்கள். நகரின் மறுகோடியில் ட்ருகனினாவில், தான் வேலை செய்த சரக்குக் களஞ்சியத்துக்குப் பக்கத்தில், நாலு பேரோடு ஓர் அறையில் படுத்தார்.

நாடகம் அடுத்த சனிக்கிழமை நடந்தது. நான் நிறுத்தவில்லை. அவள் காதில் பஞ்சு வைத்து, மேலே தலைமயிரை இழுத்து விட்டுக்கொண்டு வந்தாள். மேடையில் அந்த இளைஞன் கையை ஓங்கியதும், அது ஒரு சாண் தள்ளிப் போகுமாறு அவளே முகத்தைத் திருப்பினாள். சபைக்குத் தெரியாமல் தன் இரண்டு கைகளையும் இடுப்பருகே தட்டினாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அடிக்காத அடிக்கு ஒரு கிழவி அழுதார். எனக்கு அன்றைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

தகப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்தார். தாய் மகளின் அறையில் படுக்கத் தொடங்கியிருந்தார். தகப்பனையும் மகளையும் தனியாக விட்டு வெளியே போக மாட்டார். அவர் அதைப் புரிந்துகொண்டு, மகள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் களஞ்சியத்தில் வேலை கேட்டு வாங்கினார். கோயிலில் அவர் பக்கத்தில் நிற்பதை ஆட்கள் தவிர்த்தார்கள்.

ஒருநாள் என்னிடம் வந்தார். வேலை உடுப்போடு, மஞ்சள் மேலங்கியோடு, வாசலில் நின்றார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"மாஸ்டர், ஊருக்குச் சொல்ல வேண்டாம். அதிகாரிகளுக்கும் சொல்ல வேண்டாம். வீட்டில அவவுக்கு மட்டும் ஒருக்காச் சொல்லுங்கோ. நான் சொன்னால் நம்பிறா இல்லை. உங்கட சொல்லெண்டால் கேப்பா."

"அவவுக்குத் தெரிஞ்சால் பேசாமல் இருப்பாவோ? பொலிசுக்குப் போவா. அவனுக்கு விசா கிடைக்கட்டும். பிறகு நானே வந்து சொல்லுறன்."

"எப்ப கிடைக்கும் மாஸ்டர்?"

"இந்த வருசத்துக்குள்ள."

கிடைக்கவில்லை. கிடைக்காது என்று எனக்கு அப்போதே தெரியும். அவர் "சரி, அப்ப போட்டு வாறன்," என்று போனார். அதன் பிறகு கேட்கவில்லை. களஞ்சியத்தில் பெட்டி ஏற்றும் இடத்தில் மாரடைப்பில் விழுந்தார்; ஆள் வந்து பார்க்கும்போது உயிர் இல்லை.

அவர் இறந்து இரண்டு வருடத்தில் அவள் வந்தாள். அப்போது அவள் ஐந்தாறு முறை திரையில் செத்திருந்தாள்.

"அம்மாவுக்கு எல்லாத்தையும் சொன்னனான் மாஸ்டர். அப்பா அடிக்கேல்லை, நாடகத்திலதான் பட்டது எண்டு. அம்மா என்ன சொன்னவ தெரியுமோ? 'செத்த மனுசனுக்காக நடிக்கிறியோ? அதுதானே உன்ர தொழில்' எண்டா. நான் அழுதன். 'அழுகையும் நல்லாத்தான் இருக்கு' எண்டா."

அவள் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"நீங்கள் வந்து சொல்லுங்கோ. நீங்கள் நடிகர் இல்லைத்தானே."

"பழசைக் கிளறி என்ன பிள்ளை? அம்மாவுக்கும் வயசு போகுது."

அவள் எழுந்து போனாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

ஆனாலும் என்னைக் கைவிடவில்லை. தமிழ் வசனம் வரும் இடங்களில் உச்சரிப்புக் கேட்டுத் தொலைபேசி எடுப்பாள். சிட்னியில் எடுத்த தொடரில் முதன்முதலாகச் சாகாத வேடம் கிடைத்தது. பொலிஸ் துப்பறிவாளர், கதையின் நாயகி. அந்தத் தொடரில் மொழி ஆலோசகராக என்னை வைக்கச் சொன்னவளும் அவள்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

போன வருடம், சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லில் வாடகைக்கு எடுத்த வீடொன்றில் படப்பிடிப்பு; நானும் போயிருந்தேன். துப்பறிவாளர் சந்தேக நபரை அவன் வீட்டிலேயே வைத்து அறையும் காட்சி. அந்த நடிகர் வீதி நெரிசலில் மாட்டிக்கொண்டார். விளக்கும் கமராவும் சரிபார்க்க அந்த இடத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். "மாஸ்டர் நிற்பார்," என்றாள் இயக்குநரிடம்.

என்னைச் சுவரோரம் நிறுத்தினாள். தன் பெருவிரலை என் கன்ன எலும்பில் வைத்து, சின்னவிரலை நீட்டினாள். விரல் குளிர்ந்திருந்தது.

"போன கிழமை அவன் ஃபோன் எடுத்தவன் மாஸ்டர். நிரந்தர விசா கிடைச்சிட்டுது. முதல் வேலையா எனக்குத்தான் எடுத்தவன். ஆரு அடிக்கச் சொன்னதெண்டும் சொன்னவன்."

நான் வாயைத் திறப்பதற்குள் கை வந்தது. காற்று முகத்தில் அடித்தது. விலகப் பார்த்து, பக்கத்தில் கிடந்த நாற்காலியோடு சேர்ந்து தரையில் விழுந்தேன். கண்ணாடி எங்கோ போனது. கிழவர் பிரமாதமாக நடிக்கிறார் என்று நினைத்துச் சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

அவள் குனிந்து கண்ணாடியை எடுத்துத் தந்தாள்.

"பயப்பிடாதேங்கோ. நான் ஒரு சாண் விட்டனான்."

பிறகு வலது காதை என் வாயருகே கொண்டுவந்தாள். "ஏதும் சொல்லப் போறியளோ?"

"ஓம்."

"எனக்கில்லை. அம்மாவுக்கு."

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் தாயின் வீட்டுக்குப் போனேன். கிளென் வேவர்லியில்தான், பள்ளிக்கூடத்துக்காக அந்தக் குடும்பம் வாடகைக்கு எடுத்த சின்ன வீடு. தகப்பன் அங்கிருந்துதான் வேலைக்குப் போவார். தாய்க்கு இப்போது அறுபது வயதிருக்கும்; இன்னும் முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறார். குசினியில் கதிரை போட்டுத் தந்தார். தேத்தண்ணி வைத்தார். அவள் சிட்னியிலிருந்து வந்து குளிர்பெட்டியருகே நின்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கராஜ், இளைஞன், நான் சொன்ன சொல், நடைபாதை, பிறகு தகப்பன் மஞ்சள் மேலங்கியோடு வந்து நின்றது. ஒன்றையும் விடவில்லை.

தாய் மகளைப் பார்த்தார். "மாஸ்டருக்கும் வசனம் எழுதிக் குடுத்தனியோ?"

"அம்மா!"

"நல்லா எழுதியிருக்கிறாய்." என் பக்கம் திரும்பினார். "ஏன் மாஸ்டர், இந்த வயசில உங்களுக்கும் இவள் வேசம் குடுத்திட்டாளோ?"

"நான் சொன்னது உண்மை. என்ர பிள்ளைகளாணை."

"அப்ப செய்து காட்டுங்கோ. எங்க நிண்டவள்? அவன் எங்க நிண்டவன்? எப்பிடி அடிச்சவன்? எனக்குக் காட்டுங்கோ."

மகள் என் எதிரே வந்து நின்றாள். கராஜில் நின்ற அதே தூரம். கன்னத்தில் பெருவிரலை வைத்துச் சின்னவிரலை நீட்டிக் காட்டினாள். நான் கையை ஓங்கி வீசினேன். அவள் இடுப்பருகே கை தட்டிய சத்தம் குசினி முழுக்க வெடித்தது. தலை சுழன்று, உடம்பு பறந்து குளிர்பெட்டியில் மோதி, உள்ளே போத்தல்கள் உடைந்தன. அவள் முழங்காலில் இருந்தாள். பிறகு எழுந்து, பதின்மூன்று வருடத்துக்கு முன் நான் எழுதிய அந்த வசனத்தைச் சொன்னாள். காதில் விரலை வைத்தாள். விரலைப் பார்த்தாள்.

தாய் "ஐயோ என்ர பிள்ளை" என்று அலறிக்கொண்டு ஓடி வந்து, மகளின் நாடியைப் பிடித்து, கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். அங்கே ஒன்றும் இல்லை. சிவக்கக்கூட இல்லை.

"பட்டதோ?"

"இல்லையம்மா. படேல்லை."

தாய் அந்தக் கன்னத்தைக் கையால் தடவிக்கொண்டே நின்றார். பிறகு என்னிடம் கேட்டார்.

"அப்ப அடிக்காமலே செய்யலாம். இது உங்களுக்கு அப்பவும் தெரியும்."

"ஓம். தெரியும்."

அவர் அடித்தார். ஆட்களைத் தூக்கித் தூக்கி உரமேறிய கை. இடைவெளி இல்லை. முதல் அடியில் கண்ணாடி உடைந்து புருவத்தைக் கிழித்தது. இரண்டாவது காதோடு விழுந்தது. உலகம் முழுவதும் தண்ணீருக்குள் போனது. அவள் சொன்னது எனக்கு அப்போதுதான் புரிந்தது. மூன்றாவது அடிக்கு ஓங்கிய கையை அவரே இறக்கிக்கொண்டார். மகள் தடுக்கவில்லை.

"ஆறு வருசம் அந்த மனுசனுக்குச் சோறு போட்டனான்," என்றார். என்னிடம் சொல்லவில்லை, அடுப்பைப் பார்த்துச் சொன்னார். "ஒரு நாள்கூட முகத்தைப் பாத்துப் போடேல்லை." திடீரென்று மகள் பக்கம் திரும்பினார். "நீ அவர் இருக்கேக்க ஏன்ரி சொல்லேல்லை? இருக்கேக்கச் சொல்லியிருந்தால்?"

"அப்பா வேண்டாமெண்டவர் அம்மா. மாஸ்டர் வந்து சொல்லுவார் எண்டவர்."

தாய் தன் நெற்றியைச் சுவரில் மோதத் தொடங்கினார். ஒரு மோதல், இரண்டு. மூன்றாவதற்கு முன் அவள் தன் உள்ளங்கையைச் சுவருக்கும் நெற்றிக்கும் நடுவே வைத்தாள். பிறகு விழுந்த ஒவ்வொரு மோதலும் அவள் கையில்தான் விழுந்தது. கையை எடுக்காமல் நின்றாள்.

அதன் பிறகு நடந்தவை இவை. நாடகக் குழுவில் நானே போய்ச் சொன்னேன். என்னை வரவேண்டாம் என்றார்கள், சரிதான். கோயிலில் என் பக்கத்தில் இப்போது இடம் தாராளமாக இருக்கிறது. அந்த இளைஞன் தொலைபேசி எடுத்து அழுதான். அவனை நான்தான் தேற்ற வேண்டியிருந்தது. தாய் மகளோடு நாலு மாதம் பேசவில்லை. உண்மை தெரிந்தால் அந்த வீட்டில் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். என்னிடமிருந்து இறங்கியதை அந்த அம்மா எடுத்துக்கொண்டார். அதற்குப் பரிகாரம் எனக்குத் தெரியவில்லை. தகப்பனின் படம் மட்டும் மகளின் அறையிலிருந்து குசினிக்கு வந்திருக்கிறதாம்.

அன்றைக்கு நான் புருவத்தில் துணியை அழுத்திக்கொண்டு வாசலில் நின்றேன். நான் அந்தப் பகுதியை விட்டு வீடு மாறியிருந்தேன்; தொடருந்து நிலையம் அங்கிருந்து காரில் பத்து நிமிடம். அவள் பின்னால் வந்தாள். உள்ளங்கை வீங்கியிருந்தது.

"ஸ்ரேசன்ல விடுறன், ஏறுங்கோ," என்றாள்.

வழக்கம்போலச் சாவிக்குக் கை நீட்டினேன். அவள் தரவில்லை. காரைச் சுற்றிப் போய் வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறினாள். நான் இடப்பக்கம் ஏறி, அவளுடைய இடது காதருகே இருந்தேன்.

வழி முழுவதும் பேசினேன். அவளிடம் சொல்ல வேண்டியவை பதின்மூன்று வருடமாக இருந்தன, எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன், இரண்டு மொழியிலும். அவள் வீதியைப் பார்த்து ஓட்டினாள். முகத்தை ஒருமுறையும் திருப்பவில்லை.